பத்துச் சொற்களுக்கு மிகாமல்

நம் வயதுக்காரர்களிடம் சொன்னால் உடனே புரியும். பெட்டியின் அட்டையைக் கத்தரித்து, கூப்பனில் ஒரு வாக்கியம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, பரிசு வருமென்று ஒரு குடும்பமே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கதையை இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கும். சிரிக்கட்டும். நானும் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சிரிப்புக் கதையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் கடைசிப் பகுதியை விட்டுவிடுவேன். நமக்கெல்லாம் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அங்கே சண்டை தமிழில் தொடங்கி, தெலுங்கில் முற்றி, கன்னடத்தில் முடியும். முடித்து வைப்பது ஹவுஸ் ஓனரம்மா. அப்பா மதுரைப் பக்கத்துக்காரர். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடு நறுக்கும் எண்ணெய் வாடை அவருடைய சட்டையிலிருந்து போகவே போகாது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்டால் சோற்றிலும் அந்த வாடைதான்.

அப்பாவுக்கு ஒரு பெருமை இருந்தது. கம்பெனியில் நடக்கும் வாசகப் போட்டிகளில் அவர்தான் எப்போதும் ஜெயிப்பார். ஒருமுறை பாதுகாப்பு வாரத்துக்கு 'இன்றைய பாதுகாப்பு, நாளைய மகிழ்ச்சி' என்று எழுதிக் கொடுத்தார். ஒரு ஹாட் பாக்ஸ் வந்தது. அடுத்து 'தர மாதம்' என்று ஒன்றைக் கொண்டாடினார்கள். 'இன்றைய தரம், நாளைய வளம்' என்று எழுதினார். சுவர்க் கடிகாரம் வந்தது. மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு போட்டி வைத்தார்கள். 'இன்றைய சிக்கனம், நாளைய வெளிச்சம்.' அதற்கு ஒரு ஃபிளாஸ்க். எங்கள் வீட்டில் இருந்த நல்ல சாமான்கள் எல்லாமே இப்படி வந்தவைதான். அந்த வாக்கியமாவது அவருடையதா என்றால் அதுவும் இல்லை. ஏதோ பஸ்ஸின் முதுகிலோ காலண்டர் அட்டையிலோ பார்த்திருப்பார்.

"புதுசா எழுதுறவன் முட்டாப்பய," என்பார் அப்பா. "ஜட்ஜு வாசிக்கும்போதே, இத எங்கனயோ கேட்ருக்கமேன்னு அவனுக்குத் தோணணும். அப்பத்தான் தலையாட்டுவான்."

அதில் நியாயம் இல்லாமலில்லை. அங்கே நடுவராக இருந்த பர்சனல் மேனேஜர் பெங்களூர்க்காரர், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பழகிய வாக்கியம் என்றால் அவருக்குச் சீக்கிரம் படித்து முடிக்க வரும். லைன் வீட்டில் யாருக்கு வாசகம் வேண்டுமென்றாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். அப்பா கண்ணை மூடி யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, 'இன்றைய' என்று தொடங்குவார். அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது அவள் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்திருந்தாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள். கணக்கு டீச்சரைப் பற்றி நாலு வரி, குழாயடியைப் பற்றி நாலு வரி, ஓனரம்மாவின் நாயைப் பற்றிக்கூட நாலு வரி இருக்கும். எனக்கு மட்டும் படித்துக் காட்டுவாள். ஆனால் அவள் கையெழுத்து கோழிக் கிறுக்கல். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால் ரேஷன் கடை மனு முதல் ஊருக்குப் போடும் கடிதம் வரை வீட்டில் எதை எழுதுவதென்றாலும் நான்தான்.

அந்த வருடம் கோடையில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. பிறகு ஒருநாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். லே-ஆஃப். மறுபடி கூப்பிடும்வரை வரவேண்டாம். அப்பா மறுநாளும் அதே நேரத்துக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டு போனார். கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு மாதம் தினமும் அப்படித்தான் போய் வந்தார். அம்மா டிபன் பாக்ஸ் மட்டும் கட்டித் தருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த நேரத்தில் ராயக்கோட்டை சந்தையில் தக்காளி விலை விழுந்துவிட்டது. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. எங்கள் லைனில் மினி லாரி ஓட்டும் ஒரு மாமா பழுத்து வெடித்ததையெல்லாம் கூடையோடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். காலையில் தக்காளி, மத்தியானம் தக்காளி, ராத்திரியும் அதுவே. உதட்டோரம் புண்ணாகிவிட்டது. எனக்கு எந்நேரமும் பசிக்கும். ஆனால் சொல்லமாட்டேன். பசிக்குது என்றால் அம்மா அழுவாள் என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு மில் ஏஜெண்ட் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் எடுப்பவர். பெரிய மீசை, மரியாதையான பேச்சு. பெண்பிள்ளைகள் ஹாஸ்டலிலேயே தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம், மாதாமாதம் வீட்டுக்கும் கொஞ்சம் வருமாம்.

"பாப்பா பத்து முடிச்சிருச்சில்ல? அது போதும்ங்க. இந்தக் காலத்துல இதுக்கு மேல படிச்சு என்ன கிழிக்கப் போவுது?" என்றார். அக்கா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். சத்தம் நின்றுவிட்டது.

அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் டைம் குடுங்கண்ணே," என்றார். அக்கா பழைய யூனிபார்மையே இடுப்பில் பிரித்துத் தைத்துக்கொண்டு, அரசு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. புத்தகங்களுக்கு அவள் அட்டை போடவே இல்லை.

அப்போதுதான் அம்மாவின் கண்ணில் அந்தப் போட்டி பட்டது. பாலில் கலந்து குடிக்கும் சத்து பானம் ஒன்றின் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். 'எங்கள் குடும்பம் இதை விரும்பக் காரணம்' என்று போட்டு ஒரு கோடு. பத்துச் சொற்களுக்கு மிகாமல் எந்த மொழியிலும் நிரப்பலாம். முதல் பரிசு பெறும் பிள்ளைக்குக் கல்லூரி முடிக்கும்வரை முழுப் படிப்புச் செலவு, அதுவரை வீட்டுக்கு மாதாமாதம் உதவித் தொகை. அம்மா அதை என்னிடம் மூன்று முறை படிக்கச் சொன்னாள். எங்களுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியதுபோல் இருந்தது.

கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு இப்போட்டி பொருந்தாது. ஏதோ சட்டமாம். நாம் அப்போது வாங்கிய பல பாக்கெட்டுகளில் அந்த வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். சேலத்தில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நாங்கள் ஓசூரில் அல்லவா இருந்தோம்? டவுன் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் அத்திப்பள்ளி. அத்திப்பள்ளி கர்நாடகா.

அத்திப்பள்ளியில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அதே பிரஸ் ஷாப், அதே லே-ஆஃப். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் தெலுங்கு பேசுபவர். அவருக்கும் ஒரு மகள், அவளும் அந்த வருடம்தான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அப்பா அவரிடம் முகவரி கேட்டார். கூப்பனில் அக்கா பெயர், முகவரி மட்டும் சித்தப்பா வீடு. பதிலுக்கு அப்பா தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கொடுத்தார்.

"நீயும் ஒண்ணு போடுப்பா, ஒம்பொண்ணு பேருல. வாக்கியம் நான் தாரேன்."

"உன் வாக்கியமா அண்ணா? அது ஒனக்கு வேணாமா?"

"ரெண்டு பேரும் அதையே போடுவோம். ஒருத்தனுக்கு விழுந்தாக்கூட போதும்ல?"

பெட்டியின் முகப்பு அட்டை ஒரு கூப்பனுக்கு இரண்டு வைக்க வேண்டும். ஒரு பெட்டியை அம்மா வாங்கினாள். இன்னொரு காலிப் பெட்டியை ஓனரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். "ஏனு, ஸ்கூலுக்கா? நல்லா படி, நல்லா படி," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக் கொடுத்தார். வாங்கிய பெட்டியில் இருந்ததை அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்கு மட்டும் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தாள். பால் இல்லை. டம்ளரின் அடியில் தங்கும் பொடியை விரலால் வழித்து நக்குவேன். அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு வாய் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை சித்தப்பா தன் கூப்பனையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீட்டில் யாருக்கும் தமிழ் எழுத வராது. இரண்டையும் நானே எழுதுவதென்று முடிவானது. அப்பா கண்ணை மூடினார். இந்த முறை அது பாவனை இல்லை.

"எழுதுத்தா. இன்றைய ஊட்டம், நாளைய உயர்வு."

சித்தப்பாவின் கூப்பனில் அவர்கள் முன்னாலேயே எழுதினேன். எங்களுடையதை எடுக்கும் நேரத்தில் வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா குடத்தோடு ஓடினாள். அப்பாவும் சித்தப்பாவும் டீ குடிக்கப் போனார்கள். "எழுதி ரெண்டையும் கவர்ல ஒட்டி வையி, வந்து எடுத்துக்கிறேன்," என்றார் அப்பா.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள்.

"நம்மளதுல இத எழுதறியா?"

"அப்பா திட்டுவாரு."

"யோசிச்சுப் பாருடி. ஒரே அட்ரஸ், ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியம். ரெண்டையும் சேத்துத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. வேற வேறயா இருந்தாத்தான் ரெண்டுக்கும் சான்ஸ்."

சரியான பேச்சுதான். இன்றைக்கு நினைத்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்தது அந்த நியாயம் மட்டும் இல்லை. ஒரு தடவையாவது தன் வரி ஒன்று வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. காகிதத்தைப் பிரித்தேன்.

'இதைக் குடித்த நாளில் என் தங்கை பசிக்கிறது என்று சொல்வதில்லை.'

எனக்கு முகம் சூடேறிவிட்டது. நான் பசிக்கிறது என்று எந்த நாளிலும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட, முன்பின் தெரியாத கம்பெனிக்காரர்கள் இதைப் படிப்பார்களே, எங்கள் வீட்டில் சோறு இல்லை என்று நினைப்பார்களே என்று வெட்கம். இருந்தாலும் எழுதினேன். அவள் கேட்டு நான் எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. எழுதி முடித்ததும் அவள் அதை எடுத்து மெதுவாக ஒருமுறை வாசித்தாள். என் கையெழுத்தில் அவளுடைய வரி அழகாக இருந்தது. கவரை ஒட்டினோம்.

அதன்பிறகு காத்திருப்புதான். ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. ஓசூர்க் குளிரில் பகலிலேயே சாரல் விழும். ஏஜெண்ட் இரண்டாம் முறை வந்தார், மூன்றாம் முறையும் வந்தார். ஒவ்வொரு முறையும் அப்பா, "ஒரு லெட்டர் வரவேண்டியிருக்குண்ணே, பாத்துட்டுச் சொல்றேன்," என்றார். ஏதோ அரசாங்க வேலைக்கு எழுதிப்போட்டிருப்பதுபோல் சொல்வார். அம்மா சாமி படத்தின் முன்னால் காலிப் பெட்டியை வைத்திருந்தாள். ஜெயித்தால் முகவரிக்கு அத்தாட்சியாக ரேஷன் கார்டு கேட்பார்களே, நம்முடையது தமிழ்நாட்டுக் கார்டாயிற்றே என்று ஒருநாள் அக்கா கேட்டாள். "ஜெயிச்சப்பெறகு அதப் பாத்துக்கிருவோம்," என்றார் அப்பா. எல்லாமே அப்படித்தான் இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா சாரலில் நனைந்துகொண்டே மொபெட்டில் வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ், சட்டைக்குள் ஒரு கவர். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினாள். சித்தப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "படிம்மா," என்று கவரை அக்காவிடம் கொடுத்தார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். வாழ்த்துகள். முதல் பரிசு. அடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட வாக்கியத்தை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்திருந்தார்கள். அதை அவள் மெல்ல வாசித்தாள்.

"இன்றைய ஊட்டம், நாளைய உயர்வு."

அப்பா தொடையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "நம்ம வாக்கியம்! சொன்னேன்ல? நான் சொன்னேன்ல!" அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. "அடுத்தத படி ஆத்தா, அடுத்தத!"

அடுத்து பெயர் இருந்தது. அது சித்தப்பா மகளின் பெயர்.

அப்பா நின்றபடியே இருந்தார். சிரிப்பு முகத்தைவிட்டுப் போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சரிதான்," என்றார். "ரெண்டு பேரும் ஒண்ணத்தான போட்டோம். ரெண்டுல ஒண்ண எடுத்திருக்கான். அதிர்ஷ்டம் அந்தப் பக்கம் போயிருச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணா, வாக்கியம் உன்னுது," என்றார் சித்தப்பா.  "கம்பெனிக்கு எழுதிக் கேக்கலாம். பெரிய பாப்பா பேருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லலாம். எனக்கு ஒத்து அண்ணா, ஒத்து." வேண்டாம் என்பதற்கு அவர் வாயில் தெலுங்கில்தான் வரும்.

"கிறுக்குத்தனமாப் பேசாத. கிண்டப் போனா ஒனக்கும் இல்லாமப் போயிரும். ஒம்புள்ளையாவது படிக்கட்டும்."

அம்மாவால் தாங்க முடியவில்லை. அவள் கோபம் அப்பாவிடம் போகவில்லை, சித்தப்பாவிடமும் போகவில்லை. நேராக என்னிடம் வந்தது. "நீ ஒழுங்கா எழுதுனியாடி? எழுத்து கிழுத்து மாறிப்போச்சா? அவங்களுக்கு நல்லா எழுதிட்டு நம்மளத கிறுக்கி வச்சியா?" தோளைப் பிடித்து உலுக்கினாள். 

அக்கா கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தாள். "நான் கூட இருந்து பாத்தேம்மா. அப்பா சொன்னதத்தான் எழுதினா. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

சித்தப்பா போன பிறகும் அந்த ஸ்வீட் பாக்ஸ் அப்படியே கிடந்தது. யாரும் தொடவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் இருந்த நேரத்தில் நான் போய் அதைத் திறந்தேன். மைசூர்பாகு. இரண்டு துண்டு தின்றேன், மூன்றாவதையும் தின்றேன். நெய் தொண்டையில் இறங்கியது. அந்த ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

கம்பெனி மறுபடி அப்பாவைக் கூப்பிடவில்லை. கடைசிவரை பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "எங்க வாக்கியம் முதல் பரிசு வாங்குச்சு, தெரியும்ல? ஆளுதான் மாறிப்போச்சு," என்று தொடங்கிவிடுவார். சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு அந்த ஒரு ஜெயிப்புதான் மிச்சம். உண்மையைச் சொல்லி அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அவர் போயும் நாலு வருடமாகிறது. இரண்டிலும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தால் எங்களுக்கு விழுந்திருக்குமா, இரண்டுமே குப்பைக்குப் போயிருக்குமா, விழுந்தாலும் அந்த ரேஷன் கார்டு எங்களை விட்டிருக்குமா? இதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்காத கோணம் இல்லை. எந்தப் பக்கம் எண்ணினாலும் மில்லுக்குப் போனது அக்காதான். அவள் அனுப்பிய காசில் படித்தது நான்.

அக்கா கிளம்பிய நாளைத்தான் எப்போதும் விட்டுவிடுவேன் என்றேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் நின்றிருந்தது. ஏஜெண்ட் இன்னும் மூன்று பெண்களோடு முன்சீட்டில் இருந்தார். அப்பா டிரங்குப் பெட்டியை ஏற்றப் பின்னால் போனார். அம்மா பஸ்ஸைத் தொட்டுக்கொண்டு நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். நான் எக்கி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழாதே, நல்லா படி என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"உண்மையச் சொல்லு," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் எழுதுனது அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

எனக்குப் பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவள் போகிறாள் என்ற கோபம், என்னை எழுதச் சொன்னாளே என்ற கோபம். என் பசியை ஊருக்குச் சொன்னாளே என்ற வெட்கமும் இன்னும் ஆறவில்லை.

"அப்பா சொன்னதுதான்க்கா நல்லா இருந்துச்சு," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள், சரியான விடையைக் கேட்டுக்கொண்ட மாதிரி. பஸ் கிளம்பிவிட்டது.

மில்லில் இரண்டரை வருடம் இருந்துவிட்டு, நெஞ்சில் பஞ்சு அடைத்து இருமலோடு திரும்பி வந்தாள். முழுசாக முடிக்காததால் அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. இப்போது திருப்பூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். வாரத்துக்கு ஒருமுறை போன் பேசுவோம். என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறாள், அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. பஸ்ஸடியில் சொன்னது பொய் என்று சொல்ல நானும் பலமுறை வாயெடுத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு முடித்துக்கொள்வேன். அந்த பஸ்ஸுக்குப் பிறகு, அக்கா எதையும் எழுதி நான் பார்க்கவில்லை.